தோட்டக்காரர் மகனும் ரீங்காரச் சிட்டும்

எங்கள் வீட்டுக் கிணற்றடியில் வாழைகள் பொத்தி தள்ளுங் காலத்தில் தேன்சிட்டுக்கள் வருவது வழக்கம். பொத்தியின் மடல் விரிந்ததும் எங்கிருந்தோ பறந்துவந்து, தலைகீழாகத் தொங்கி, வளைந்த அலகைப் பூவினுள் நுழைத்துத் தேனை உறிஞ்சிவிட்டுக் கண்ணிமைக்கும் நேரத்தில் மறைந்துவிடும். அப்போது எனக்குப் பத்து வயதிருக்கும். ஒருநாள் அவற்றுள் ஒன்று எப்படியோ என் கையில் அகப்பட்டுக்கொண்டது. அதனை ஒரு கடகத்தினாற் கவிழ்த்து மூடி, உள்ளே சிரட்டையிற் சீனித் தண்ணீர் வைத்தேன். இனி அந்தச் சிட்டு எனக்கே சொந்தம் என்ற மகிழ்ச்சியில் அன்றிரவு நித்திரையும் வரவில்லை. மறுநாட் காலையிற் கடகத்தை நிமிர்த்திப் பார்த்தேன். அது விறைத்துக் கிடந்தது. ஆச்சி என்னைக் கடிந்துகொள்ளவில்லை. பேசாமல் விட்டிருந்தால் அது நாளைக்கும் பொத்திக்கு வந்திருக்குமே என்று மாத்திரம் சொன்னார்.

ஆண்டுகள் பல சென்றபின், ஜோன் கூல்ட் என்னும் ஆங்கிலப் பறவையியலறிஞரின் வாழ்க்கை வரலாற்றைப் படிக்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. படித்து முடித்தபொழுது அந்தக் கடகம் என் மனக்கண் முன்னே வந்து நின்றது. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிலே பறவை நூல்களால் உலகப் புகழ் பெற்ற அப்பெரியாரின் வாழ்வில், மற்றெல்லாவற்றினும் என் நெஞ்சைத் தொட்டது ஒரு சிறு பறவையின் கதையே. அதனை ஈண்டு வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

தேன்சிட்டு வேறு, நான் சொல்லப்போகும் ரீங்காரச் சிட்டு வேறு என்பதை முதலிற் கூறிவிடுதல் நன்று. ஆங்கிலேயர் ஹம்மிங் பறவை என அழைக்கும் இவ்வினம் அமெரிக்கக் கண்டங்களுக்கே உரியது. பிற கண்டங்களில் இயற்கையாக எங்கும் இல்லை. முந்நூற்றைம்பதுக்கு மேற்பட்ட வகைகள் உண்டு. நமது தேன்சிட்டுப் பெரும்பாலும் கொம்பைப் பற்றியிருந்தே தேன் குடிக்கும். ரீங்காரச் சிட்டோ பூவின் முன்னே வெறும் வெளியில் அசையாது நின்று குடிக்கும், பின்னோக்கியும் பறக்கும். வட அமெரிக்காவின் கிழக்குப் பாகத்தில் வாழும் செங்கழுத்துச் சிட்டின் நிறை ஏறக்குறைய 3 கிராம். அதன் சிறகுகள் ஒரு விநாடிக்கு 50 தடவை வரையில் அடிக்கின்றன. அந்தச் சிறகொலியே அதற்குப் பெயராயிற்று.

வின்சர்த் தோட்டத்துச் சிறுவன்

ஜோன் கூல்ட் 1804ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 14ஆம் திகதி, இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள லைம் ரீஜிஸ் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் தோட்ட வேலை செய்து சீவித்தவர். குழந்தைப் பருவத்தில் ஒருநாள் தந்தையார் அவரைத் தூக்கிப் பிடித்து, வேலியிலிருந்த குருவிக் கூடொன்றின் உள்ளே கிடந்த நீல முட்டைகளைக் காட்டினாராம். பறவைகளின்பால் தமக்கு உண்டான பற்றுக்கு அக்காட்சியையே மூலமாக அவர் தமது முதிய வயதில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

பின்னர் தந்தையாருக்கு வின்சர் அரண்மனைத் தோட்டத்தில் மேற்பார்வை உத்தியோகம் கிடைத்தது. பதினான்கு வயதான ஜோனும் அங்கேயே தோட்டத் தொழில் பயிலலானார். மண்ணைக் கிளறவும், விதைக்கவும், பதியம் வைக்கவும் கற்ற அவர், ஓய்வு நேரத்தில் இன்னொரு தொழிலையும் தாமே பயின்றார். இறந்த பறவைகளின் தோலைப் பதனிட்டு, உள்ளே பஞ்சடைத்து, உயிருள்ளன போல நிறுத்தும் பாடஞ்செய்யுந் தொழில் அது. அவ்வாறு ஆயத்தஞ் செய்த பறவைகளை அயலிலிருந்த ஈட்டன் கல்லூரி மாணவருக்கு விற்றுச் சிறிது பணமும் தேடிக்கொண்டார்.

யோர்க்ஷயரில் ஒரு பிரபுவின் தோட்டத்திற் சில காலம் வேலை செய்தபின், தோட்டத் தொழிலை முற்றாகக் கைவிட்டு இலண்டனிற் பாடஞ்செய்பவராக அமர்ந்தார். சில ஆண்டுகளிலேயே இலண்டன் விலங்கியற் சங்கத்தின் நூதனசாலையில் உத்தியோகம் கிடைத்தது. எகிப்திலிருந்து நான்காம் ஜோர்ஜ் மன்னருக்குப் பரிசாக வந்த ஒட்டைச்சிவிங்கி இறந்தபொழுது அதனைப் பாடஞ்செய்யும் பணியும் அவரிடமே ஒப்படைக்கப்பட்டது. தோட்டக்காரர் மகன் இருபத்தைந்து வயதளவில் அரசரே அறிந்த மனிதரானார்.

எலிசபெத் அம்மையார்

1829ஆம் ஆண்டு சனவரியில் எலிசபெத் கொக்ஸன் என்னும் பெண்மணியை அவர் மணஞ்செய்தார். கூல்டின் புகழிற் சரிபாதி இவ்வம்மையாருக்கு உரியது என்றே நான் சொல்வேன். கூல்ட் பறவையின் நிலையையும் சாயலையும் விரைவாகக் கோடுகளாற் குறித்துக் காட்டுவார். அவற்றை முழுச் சித்திரமாக்கத் தக்க கைவண்ணம் அவரிடம் இருக்கவில்லை. கல்லச்சுக் கலையைக் கற்றுக்கொண்டு அக்குறிப்புக்களுக்கு உயிரூட்டியவர் எலிசபெத். இமயமலைப் பறவைகளைப் பற்றி 1830இல் வெளிவரத் தொடங்கிய முதல் நூலின் படங்கள் அவர் வரைந்தவையே. இமயமலைச் சாரலில் வாழும் அழகிய தேன்சிட்டு வகையொன்றுக்கு 1831இல் அவருடைய பெயரைச் சூட்டினார்கள். என் கிணற்றடிச் சிட்டின் உறவினமொன்று அவ்வம்மையாரின் பெயரைத் தாங்கி நிற்பதை எண்ணும்போது எனக்கு இனந்தெரியாத ஒரு நெருக்கம் தோன்றும்.

நூல்மேல் நூலாகப் பெரிய ஏடுகள் வந்தன. 1837இல், கலாபகஸ் தீவுகளிலிருந்து சாள்ஸ் டார்வின் கொண்டுவந்த பறவைகளை ஆராய்ந்து, வெவ்வேறு இனத்தன போலத் தோன்றியவற்றுட் பல நெருங்கிய உறவுடைய ஒரே கூட்டத்தைச் சேர்ந்தவை என்று கண்டறிந்து கூறியவரும் கூல்டே. டார்வினின் பிற்காலச் சிந்தனைக்கு அம்முடிவு எவ்வளவு துணைசெய்தது என்பது உலகறிந்த செய்தி.

1838இல் கணவனும் மனைவியும் அவுஸ்திரேலியாவுக்குக் கப்பலேறினர். சிறு பிள்ளைகளை இங்கிலாந்திலே உறவினரிடம் விட்டுச் செல்ல நேர்ந்தது. இரண்டு ஆண்டுகளின் பின் திரும்பிய அவர்கள் உயிருள்ள சில பச்சைக் கிளிகளையும் கொண்டுவந்தார்கள். இன்று உலகெங்கும் வீடுகளில் வளர்க்கப்படும் பட்ஜெரிகார் என்னும் சிறு கிளி அவ்வாறே ஐரோப்பாவுக்கு அறிமுகமாயிற்று. திரும்பி ஓராண்டு கழிந்ததும், 1841 ஆகஸ்டில், எட்டாவது பிரசவத்தின் பின் எலிசபெத் காலமானார். அப்போது அவருக்கு வயது 37. அவுஸ்திரேலியாவின் மிக அழகிய குருவிகளில் ஒன்றுக்குக் கூல்ட் மனைவியின் நினைவாகப் பெயரிட்டார். அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை. எஞ்சிய நாற்பது ஆண்டுகளையும் வேலையிலேயே செலவிட்டார்.

காணாததைச் சேர்த்தவர்

இலண்டனில் ஜோர்ஜ் லொடிஜஸ் என்னும் பெரும் நாற்றுப்பண்ணை உரிமையாளர் ஒருவர் இருந்தார். உலகின் பல பாகங்களிலிருந்தும் ஓர்க்கிட் முதலிய அரிய செடிகளை வரவழைத்து வளர்த்தவர். அவரிடம் பாடஞ்செய்யப்பட்ட ரீங்காரச் சிட்டுக்களின் தொகுதி ஒன்றும் இருந்தது. அவற்றைப் பார்த்த கூல்டின் உள்ளம் அவ்வினத்திற் பதிந்துவிட்டது. அமெரிக்கக் காடுகளிலும் மலைகளிலும் அலைந்த சேகரிப்பாளர்களிடமிருந்து தோல்களை விலை கொடுத்து வாங்கலானார். பெட்டி பெட்டியாகச் சிட்டுக்கள் வந்தன. ஒன்றும் பறக்கவில்லை, எல்லாம் உலர்ந்தவை.

1849இல் அவற்றைப் பற்றிய பெருநூலின் முதற்பகுதி வெளிவந்தது. 1861 வரை பகுதி பகுதியாக வந்து, ஐந்து தொகுதிகளாக, 360 வண்ணப் படங்களுடன் அது நிறைவெய்தியது. அச்சிட்டின் கழுத்திலும் தலையிலும் மின்னும் உலோகப் பிரகாசத்தைச் சாதாரண வண்ணத்தாற் காட்டுதல் இயலாது. ஆதலாற் பொற்றகட்டை ஒட்டி, அதன்மேல் ஒளி ஊடுருவும் வண்ணங்களைத் தீட்டி, மெருகெண்ணெய் பூசி அந்த ஒளியைத் தாளிலே கொண்டுவந்தார்கள். எலிசபெத் இருந்த இடத்திலிருந்து இப்போது சித்திரம் வரைந்தவர் ரிக்டர் என்னும் ஓவியர்.

1851இல் இலண்டனில் மாபெரும் சர்வதேசக் கண்காட்சி நடைபெற்றது. நாடெங்கிலுமிருந்து சனங்கள் திரண்டுவந்த அச்சமயத்தைக் கூல்ட் நழுவவிடவில்லை. ரீஜென்ட்ஸ் பூங்காவிலுள்ள மிருகக்காட்சிச்சாலையில், 24 கண்ணாடிப் பேழைகளுள் சுமார் 1,500 ரீங்காரச் சிட்டுக்களைப் பூக்களினிடையே பறப்பன போலவும், கூட்டில் அமர்ந்திருப்பன போலவும் அமைத்து வைத்தார். நுழைவுக் கட்டணம் ஆறு பென்ஸ். எழுபத்தையாயிரத்துக்கு மேற்பட்டோர் வந்து பார்த்தனர். விக்டோரியா மகாராணியாரும் வந்து வியந்து சென்றார்.

பேழைகளைச் சுற்றி நின்ற அப்பெருங்கூட்டத்தில் எவருக்கும் ஓர் உண்மை தோன்றியிருக்குமோ என்று நான் பலமுறை எண்ணியதுண்டு. அச்சிட்டுக்கள் பூவின் முன்னே எவ்வாறு நிற்கும், எவ்வாறு திரும்பும், எவ்வாறு தேன் குடிக்கும் என்று கம்பியாலும் பஞ்சாலும் காட்டிய அம்மனிதர், தம் வாழ்நாளில் உயிருள்ள ரீங்காரச் சிட்டு ஒன்றையேனும் கண்டதில்லை. அவற்றைப் பற்றி உலகிலேயே அதிகம் அறிந்தவர் அவர். ஆயினும் அமெரிக்கக் கிராமத்துச் சிறுவன் ஒருவன் தன் வீட்டு முற்றத்தில் நாள்தோறும் பார்ப்பதை அவர் பார்த்ததில்லை.

பார்ட்ரம் தோட்டத்தில் ஒரு நாள்

அக்குறை அவரை வருத்தியிருத்தல் வேண்டும். 1857ஆம் ஆண்டு வசந்தகாலத்தில், ஐம்பத்திரண்டாவது வயதில், அவர் அமெரிக்காவுக்குப் புறப்பட்டார். செங்கழுத்துச் சிட்டுக்கள் குளிர்காலத்தை மத்திய அமெரிக்காவிலும் அதனைச் சூழ்ந்த வெப்ப நாடுகளிலும் கழித்து, பூக்கள் மலரும் சமயத்தில் வடக்கே மீளும். அவற்றை எதிர்கொள்ளவே அவர் அவ்வேளையிற் சென்றார்.

பிலடெல்பியா நகரம் அவருக்கு முன்னரே தொடர்புடையது. பல்லாண்டு உழைத்துச் சேர்த்த அவுஸ்திரேலியப் பறவைத் தொகுதியைப் பிரித்தானிய நூதனசாலை வாங்காது விடவே, 1847இல் அது பிலடெல்பியாவிலுள்ள இயற்கை விஞ்ஞானக் கழகத்தைச் சென்றடைந்திருந்தது. அந்நகரின் அருகே, ஆற்றங்கரையில், பார்ட்ரம் தோட்டம் என்றொரு பழந்தோட்டம் உண்டு. ஜோன் பார்ட்ரம் என்னும் குடியானவர் 1728இல் நிலம் வாங்கி, நாடெங்கும் நடந்து திரட்டிய செடி கொடிகளை நட்டு உண்டாக்கிய தோட்டம் அது.

1857 மே மாதம் 21ஆம் திகதி, அத்தோட்டத்திலே, கூல்ட் தம் வாழ்வின் முதலாவது உயிருள்ள ரீங்காரச் சிட்டைக் கண்டார். தோட்டக்காரர் மகனுக்கு அரண்மனையிலோ நூதனசாலையிலோ கிட்டாத அந்தக் காட்சி, இன்னொரு தோட்டக்காரர் நட்ட செடிகளினிடையே கிட்டியது.

அவர் கண்டது அவர் எண்ணியிருந்ததற்கு மாறாக இருந்தது. உழவாரக் குருவி போன்று வானைக் கிழித்துச் செல்லும் பறவையை அவர் கற்பனை செய்திருந்தார். எதிரே நின்றதோ பெரிய அந்துப்பூச்சியைப் போலப் பூவின் முன்னே அந்தரத்தில் நின்று, வலிய வில்லினால் முடுக்கப்பட்ட இயந்திரம் போலச் சிறகசைத்தது. எட்டு ஆண்டுகளாக அதனைப் பற்றி நூல் எழுதி வந்தவர் அன்றுதான் அதன் பறப்பை அறிந்தார். தாம் நினைத்திருந்தது தவறு என்பதை அந்நூலின் முகவுரையிலே ஒளிக்காது எழுதியும் வைத்தார். பெரியோர்க்கே அது இயலும்.

பின்னர் வாஷிங்டன் நகரில், சட்டசபை மாளிகையைச் சூழ்ந்த தோட்டத்திலே, பூத்து நின்ற மரத்தைச் சுற்றிப் பல சிட்டுக்கள் ஒருங்கே மொய்ப்பதையும் கண்டார். அவ்வளவில் நின்றிருந்தால் இக்கதை இன்பமாகவே முடிந்திருக்கும். ஆனால் சேகரிப்பவரின் கை சும்மா இருப்பதில்லை.

பொத்தானிலே தொங்கிய பை

உயிருடன் பிடிக்கப்பட்ட சிட்டு ஒன்று அவர் கைக்கு வந்தது. சிறு போத்தலிற் சீனிப்பாகை ஊற்றி அதன் அலகருகே காட்டினார். சற்றுநேரத்துக்குள் அது அச்சமின்றிக் குடிக்கத் தொடங்கிற்று; பிறந்த நாள் முதல் போத்தலிலேயே குடித்துப் பழகியது போல இருந்ததாம். மெல்லிய வலைத்துணியாற் சிறு பையொன்று செய்து, அது சுருங்காதபடி உள்ளே வளைகோல் ஒன்றை வைத்து, அதனுட் சிட்டை இட்டுத் தம் அங்கியின் பொத்தானிலே தொங்கவிட்டுக்கொண்டார். அவ்வாறே பல நாட்கள் பிரயாணஞ் செய்தார். பசிக்கும் வேளையில் வெளியே எடுத்துப் போத்தலைக் காட்டுவார். குடித்தபின் பைக்குள் விடுவார். ஐம்பது வயது கடந்த, உலகப் புகழ் படைத்த அம்மனிதர் மார்பிலே ஒரு சிட்டைச் சுமந்து திரிந்த கோலத்தை எண்ணிப் பாருங்கள். கடகத்தைக் காவல் காத்த பத்து வயதுச் சிறுவனுக்கும் அவருக்கும் அதிக வேற்றுமை எனக்குத் தெரியவில்லை.

இங்கிலாந்துக்குக் கொண்டுசெல்வதற்காகச் சில சிட்டுக்களை ஒரு சிறு கூட்டில் வைத்தார். கூட்டின் நீளம் 12 அங்குலம், அகலம் 7 அங்குலம், உயரம் 8 அங்குலம். உள்ளே ஒரு சிறு மரக்கிளை; பக்கத்திலே தொங்கும் கண்ணாடிக் குப்பி. சீனியையோ தேனையோ நீரிற் கரைத்து, அவியாத முட்டையின் மஞ்சட் கருவையுஞ் சேர்த்து நாள்தோறும் அக்குப்பியை நிரப்பினார். அமெரிக்கக் கரையோரமாகவும் அத்திலாந்திக் சமுத்திரத்தின் நடுவிலும் அவை சுகமாகவே இருந்தன. அயர்லாந்தின் மேற்குக் கரையை அணுகியதும் சோர்வு தோன்றிற்று. ஒன்று மாத்திரமே உயிருடன் இலண்டனை அடைந்தது. அதுவும் கூல்டின் வீட்டை வந்தடைந்த இரண்டாம் நாள் இறந்துபோயிற்று. ஆயிரக்கணக்கான சிட்டுக்கள் நிறைந்த அவ்வீட்டில், உயிருடன் புகுந்த ஒன்று இரண்டு நாட்களுள் மற்றவற்றோடு சேர்ந்துகொண்டது.

ஐரோப்பாவின் சுவாத்தியமே காரணம் என்று அவர் கருதினார். இக்காலத்து அறிஞர் இவ்வினத்தைப் பற்றி இன்னும் பல அறிந்துள்ளனர். அச்சிட்டுக்கு இனிப்பு நீர், இயந்திரத்துக்கு எண்ணெய் போலப் பறப்பதற்கு வேண்டிய வலுவைத் தருவது மாத்திரமே. உடலை வளர்ப்பதற்குச் சிறு பூச்சிகளும் சிலந்திகளும் வேண்டும். பகல் முழுவதும் அவற்றை அது தேடித் திரிகிறது. குளிரான இரவுகளில் உடற்சூட்டைத் தாழ்த்தி, ஏறக்குறைய மூர்ச்சித்தது போலக் கிடந்து வலுவைச் சேமிக்கிறது. முட்டைக் கருவைச் சேர்த்த கூல்டின் யோசனை, அறியாமலே உண்மையின் அருகே சென்ற யோசனை. ஆனால் ஓர் அடி நீளமான கூட்டினுள் பூச்சி தேடும் வாழ்வு ஏது?

போத்தலைப் பூவிடம் கொண்டுசென்றவர்கள்

கூல்ட் கண்டுகொண்ட ஓர் உண்மை வீண்போகவில்லை. கண்ணாடிப் போத்தலிலிருந்து ரீங்காரச் சிட்டு தயக்கமின்றிக் குடிக்கும் என்பதே அது. அவர் போத்தலைக் கூட்டினுள் தொங்கவிட்டார். பின்வந்தோர் அதனைத் தோட்டத்திலே தொங்கவிட்டனர். 1900ஆம் ஆண்டு அமெரிக்கப் பறவைச் சஞ்சிகை ஒன்றில், மசச்சூசெட்ஸ் மாநிலத்துக் கரோலைன் சூல் என்னும் பெண்மணி, கடதாசியாற் பூவொன்று செய்து, அதனுட் சீனி நீர்க் குப்பியை மறைத்துக் கொடியிலே கட்டிச் சிட்டுக்களுக்கு ஊட்டிய விதத்தை எழுதினார். அதன்பின் பலரும் பலவிதமான கண்ணாடிப் பாத்திரங்களை ஆக்கினர். 1950 அளவில் அவை கடைகளிலும் விலைக்கு வந்தன. இப்போது அமெரிக்க வீட்டுத் தோட்டங்களில் அவை சர்வசாதாரணம்.

அதன் முறையும் எளிது. வெள்ளைச் சீனி ஒரு பங்கு, நீர் நான்கு பங்கு, வேறொன்றும் வேண்டா. தேனைக் கரைத்து வைத்தால் அது விரைவிற் புளித்துப் பூஞ்சணம் பிடிக்கும், பறவைக்குக் கேடு. சாயமும் வேண்டா, பாத்திரத்தின் வாய் சிவப்பாக இருந்தாற் போதும். வெயில் நாட்களில் இரண்டொரு தினங்களுக்கொருமுறை பாத்திரத்தைக் கழுவிப் புதுநீர் வைத்தல் அவசியம். இவற்றிலும் மேலானது செடி வைப்பது. குழல் வடிவான செம்பூக்கள் பூக்கும் எக்காளக் கொடி போன்றவற்றை நட்டு, பூச்சிமருந்து தெளியாது விட்டால், தேனும் கிடைக்கும், பூச்சியும் கிடைக்கும். சிட்டு தானே வரும். வந்த சிட்டு அடுத்த ஆண்டு அதே தோட்டத்துக்கு மீண்டு வருவதும் உண்டு.

வின்சர்த் தோட்டத்திலே பதினான்கு வயதிற் கூல்ட் கற்ற தொழில் இதுவேயன்றோ! நட்டுவிட்டுக் காத்திருக்கும் அத்தொழிலை விட்டுவிட்டு அவர் கொன்று நிரப்பும் தொழிலை மேற்கொண்டார். அதனை வைத்து அவரைப் பழித்தல் நியாயமன்று. அக்காலத்தில் பறவையை அறிய வேறு வழி அரிதாகவே இருந்தது; அவர் சேர்த்த தோல்களும் வரைவித்த படங்களும் இன்றும் ஆய்வாளருக்குப் பயன்படுகின்றன. ஒன்று மாத்திரம் சொல்லலாம். 1862 முதல் 1873 வரை அவர் வெளியிட்ட பிரித்தானியப் பறவைகள் பற்றிய நூலில், கூடுகளும் குஞ்சுகளும் இரையூட்டும் தாய்ப்பறவைகளும் நிறைந்துள்ளன. பார்ட்ரம் தோட்டத்துக் காட்சிதான் அதற்குக் காரணம் என்று துணிந்து கூறமாட்டேன். ஆயினும் அப்படங்களைப் பார்க்குந்தோறும், தந்தையின் கைகளில் உயர்ந்து நீல முட்டைகளைக் கண்ட குழந்தையின் நினைவே எனக்கு வருகிறது.

1881ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 3ஆம் திகதி கூல்ட் காலமானார். முன்னர் அவுஸ்திரேலியத் தொகுதியை வாங்காது விட்ட பிரித்தானிய நூதனசாலை, அவர் விட்டுச்சென்ற பறவைகளை இம்முறை விலைக்கு வாங்கிக்கொண்டது. அவற்றுள் ரீங்காரச் சிட்டுக்கள் மாத்திரம் ஐயாயிரத்துக்கு மேல். நோயுற்றிருந்த அவரை இறுதிக் காலத்திற் சந்தித்த மிலே என்னும் புகழ்பெற்ற ஓவியர், அந்நினைவினால் 1885இல் ஒரு சித்திரம் தீட்டினார். சாய்ந்து கிடக்கும் முதியவர் ஒருவர், சூழ்ந்திருக்கும் பிள்ளைகளுக்குப் பாடஞ்செய்த பறவைகளைக் காட்டுகிறார். பிள்ளைகளின் கண்களில் வியப்பு இருக்கிறது. முதியவரின் கையிலுள்ள பறவை அசையவில்லை.

எங்கள் கிணற்றடியில் இப்போதும் வாழை நிற்கிறது. வேலியோரமாக நானே செவ்வரத்தை நட்டிருக்கிறேன். அண்மையில் என் பேரன் ஓடிவந்து, செவ்வரத்தையில் தேன்சிட்டு நிற்கிறது, பிடித்துத் தாருங்கள் தாத்தா என்று என் கையைப் பற்றி இழுத்தான். நான் அவனைத் தூக்கி என் தோளில் இருத்திக்கொண்டு, சிட்டுக்குத் தெரியாதபடி மெதுவாக அருகே சென்றேன். இருவரும் மூச்சையடக்கிப் பார்த்துக்கொண்டு நின்றோம். அது ஒவ்வொரு பூவாகக் குடித்து முடித்துப் பறந்துபோயிற்று. மறுநாளும் வந்தது.